ஜன்னலுக்கு வெளியே ஒரு கால்

முப்பத்து நான்கு வருடம் நான் பஸ் கண்டக்டர். அத்தனை வருடத்தில் என் வண்டியில் யாராவது மறந்து விட்டுப்போன பொருள் உரியவர் கைக்குப் போய்ச் சேராமல் இருந்ததே இல்லை. குடை, மூக்குக் கண்ணாடி, பல் செட், பள்ளிக்கூடத்து மணி, ஒரு முறை பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கணவர். மூன்று நாளாக அவரைத் தேடி யாரும் வரவில்லை. நானே விசாரித்துப் போய் வீட்டில் ஒப்படைத்தேன். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டபோது அந்த அம்மாள், "கட்டாயம் வாங்கிக்கணுமா?" என்றார்.

இதையெல்லாம் சொன்னால் சிலர் என் முகத்தையே பார்க்கிறார்கள். அவர்களை என் மனைவியிடம் அனுப்பிவிடுவேன். அவள் முப்பது வருடம் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். குப்பியில் எது வந்தாலும் தேதி, இடம், யாருடையது என்று சீட்டு எழுதி ஒட்டுவது அவள் வேலை. ஓய்வு பெற்றபோது ஆஸ்பத்திரியை விட்டாள்; சீட்டை விடவில்லை. எங்கள் வீட்டில் சீட்டு ஒட்டப்படாத பொருள் நான் ஒருவன்தான். அதுவும் பிரியத்தால் அல்ல. நான் ஓர் இடத்தில் நிற்பதில்லை.

வருடத்துக்கு இரண்டு முறை சாதாரண பஸ் ஏறி ஊர் சுற்றுவோம். அந்தப் பயணங்களுக்கு அவள் சட்டம் ஒன்று உண்டு. போன இடத்தில் எங்கள் குப்பை ஒரு துண்டுகூடத் தங்கக் கூடாது. பிஸ்கட் உறை, தீர்ந்துபோன பற்பசைக் குழாய், அறுந்த செருப்பு வார் எல்லாம் எங்களோடு வீடு திரும்ப வேண்டும். அந்தந்த ஊரிலேயே தொட்டி இருக்குமே என்று முதல் பயணத்தில் கேட்டுப் பார்த்தேன்.

"ஒருத்தர் வீட்டுக்குப் போயிட்டு வர்றப்போ, நம்ம அழுக்குத் துணியை அவங்க கட்டிலுக்கு அடியில தள்ளிட்டா வருவோம்?" என்றாள்.

நான் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன். அதை அப்போது சொல்வது சரியாகப் படவில்லை.

குப்பையைக் கழுவுவாள், காயவைப்பாள், மடிப்பாள். ஒவ்வொன்றின் மேலும் சீட்டு. பையின் உள்பக்கத்தில் எங்கள் வீட்டு முகவரி, தொலைந்துபோனால் வந்து சேர வேண்டுமே என்று. "போன் நம்பரையும் எழுதிடேன்" என்றேன் ஒரு நாள்.

"குப்பைக்கு எதுக்கு போன் நம்பர்? அது பேசவா போகுது?"

பைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வினை அங்கேதான் தொடங்கியது. காற்றில் முறிந்து தெருவில் எறியப்பட்ட குடைகளை அவள் பொறுக்கி வருவாள். துணியைப் பிரித்து நீளமான கறுப்புப் பைகளாகத் தைப்பாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே தையல். பயணத்தில் நாலைந்து அவளிடம் மடித்தபடி இருக்கும். பஸ்ஸில் யாருடைய பிளாஸ்டிக் பை கிழிந்தாலும் அவர் மடியில் ஒரு கறுப்புப் பை வந்து விழும். எங்கள் ஊரில் மழை வந்தால் குடை பிடித்துப் போகிறவர்களைவிட, குடையைத் தோளில் மாட்டிக்கொண்டு நனைகிறவர்களே அதிகம்.

போன பயணத்தின் ஏழாவது நாள், வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். குப்பைப் பை கனத்திருந்தது. கடற்கரையில் அவள் பொறுக்கிய உடைந்த குடை ஒன்றும் உள்ளே இருந்ததால், வளைந்த பிடி பையின் அடியில் ஒரு பக்கமாக முட்டிக்கொண்டு நின்றது. இந்த வளைவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டேன், அதனால்தான் கெட்டது.

மத்தியானம், பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊரில் வண்டி நின்றபோது ஒருவர் ஏறினார். நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் வளைந்த இரும்புச் சாவி ஒன்று. கையில் பிளாஸ்டிக் பை. எங்களுக்கு முன் சீட்டில் உட்காரும்போது பை அடியில் கிழிந்தது. கிழிசல் வழியாக ஒரு பாதம் எட்டிப் பார்த்தது. ஷூவும் காலுறையும் போட்ட பாதம்.

பக்கத்தில் இருந்தவர் எழுந்து கடைசி சீட்டுக்குப் போய்விட்டார். என் மனைவி கறுப்புப் பையை நீட்டினாள்.

"இதுல வைங்க தம்பி. அது கொஞ்சம் காலை நீட்டிப் படுக்கட்டும்."

அவர் சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரிப் பட்டறையில் செயற்கைக் கால் செய்கிறவராம். கால்காரர் என்றே நான் சொல்கிறேன். அவரே அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

"யாருக்குப் போகுது?" என்று கேட்டாள்.

"மலைமேல ஒரு தபால்காரம்மாவுக்கும்மா. போன வருஷம் தபால் கொடுக்கப் போன இடத்துல மண் சரிஞ்சு, முழங்காலுக்குக் கீழ போயிடுச்சு. அப்பவும் பையை விடலையாம். தூக்கினவங்க சொன்னாங்க, ஒரு கடுதாசிகூட நனையலன்னு."

"இப்ப என்ன பண்றாங்க?"

"ஒரு வருஷமா ஆபீஸுக்குள்ள உட்கார்ந்து முத்திரை குத்துறாங்க. அவங்களுக்கு அது ஆகலம்மா. நடந்து பழகின ஆளு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மேலதிகாரி வர்றார். அவர் முன்னால பழைய வழி முழுக்க நடந்து, வீடு வீடாத் தபால் கொடுத்துக் காட்டணும். இருநூறு படிக்கும் மேல இருக்கு. ரெண்டு தடவை தள்ளிப் போட்டாச்சு. நாளைக்கும் நடக்கலைன்னா அந்த வழி வேற ஆளுக்குப் போயிடும். அப்புறம் ஓய்வு பெறுற வரைக்கும் முத்திரைதான்."

இரண்டு மாதமாக அந்தம்மா அந்தக் காலில் நடந்து பழகிவிட்டாராம். கொஞ்சம் உரசுகிறது என்றதால், முழங்கால் போய்ப் பொருந்தும் குழியைக் கால்காரர் இழைத்துச் சரிசெய்து எடுத்துப் போகிறார்.

"அப்ப போய்க் கொடுத்தா வேலை முடிஞ்சது" என்றேன்.

"முடியாதுங்க ஐயா." சட்டைப் பையிலிருந்த சாவியைத் தட்டிக் காட்டினார். "இழைச்ச பிறகு நாலு திருகை முடுக்கணும். அவங்க நடக்கிறதைப் பார்த்துப் பார்த்து நான்தான் முடுக்கணும். ஒரு நூல் பிசகினாலும் பத்தாவது படியில தள்ளிவிட்டுடும்."

எங்கள் பை, அவர் பை, இரண்டும் மேலே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. சாயங்காலம் ஐந்தரைக்கு எங்கள் ஊர் வந்தது. கால்காரர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். வண்டி இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம் மலை ஏற வேண்டும். எழுப்ப வேண்டாம் என்றாள் என் மனைவி. நான் கையை மேலே நீட்டினேன். கண்டக்டர் கைக்குக் கண் வேண்டாம். நகரும் வண்டியில் நூறு பேருக்கு நடுவே, சில்லறையைப் பார்க்காமலே எண்ணிய கை இது. தடவினேன். நீளமாக இருந்தது, கனமாக இருந்தது, அடியில் ஒரு பக்கமாக வளைவு முட்டியது. எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்து, குப்பையைத் தரம் பிரிக்க உட்கார்ந்தாள். பைக்குள் கையை விட்டவள் மெதுவாகக் கையை வெளியே எடுத்தாள்.

"என்னங்க."

"ம்."

"நம்ம குப்பை ஷூ போட்டிருக்கு."

முப்பத்து நான்கு வருடப் பெருமை அந்த நிமிஷத்தில் என்னைவிட்டு இறங்கிப் போய்விட்டது. விசில்கூட ஊதவில்லை.

ஆஸ்பத்திரிப் பட்டறைக்கு போன் செய்தேன். ஐந்து மணிக்கே மூடிவிடுவார்கள் போல, மணி அடித்துக்கொண்டே இருந்தது. மலைத் தபால் ஆபீஸும் அப்படியே. பஸ் டெப்போவில் என் காலத்து நேரக்காப்பாளர் இருந்தார். "அந்த வண்டி மேல போய்ப் படுத்துக்கும் அண்ணே. அங்க ஆபீஸ் ஏது? ஒரு மரமும் ஒரு பெஞ்சும்தான்" என்றார். பெஞ்சுக்கு போன் இல்லை.

காலைச் சுவரில் சாய்க்க மனம் வராமல் கூடத்து நாற்காலியில் வைத்தோம். அதற்கு எதிரே நாங்கள் இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி இருந்தது.

"காலையில அஞ்சு மணிக்கு முதல் வண்டி. எட்டே முக்காலுக்கு மேல போயிடலாம். போய்க் கொடுத்துட்டு வந்திடுறேன்" என்றேன்.

"அவர் அங்க இருக்க மாட்டார்."

"ஏன்?"

"நம்ம பையைத் திறந்திருப்பார். முகவரி இருக்கு. அவரும் மேலிருந்து முதல் வண்டியைப் பிடிச்சு இங்க வருவார். நீங்க காலோட மேல போய் நிப்பீங்க, அவர் சாவியோட இங்க வந்து நிப்பார். அவர் மறுபடி மேல போறதுக்குள்ள பன்னிரண்டரை ஆயிடும்."

"சரி, அப்ப நாம இங்கயே இருப்போம்."

"இங்கயே இருந்தாலும் பன்னிரண்டரைதான். அதுவும் அவர் வந்தா. அவரும் நம்மளை மாதிரியே யோசிச்சு, அங்கயே உட்கார்ந்துட்டா?"

"அவர் கிளம்புவார்ங்கிறியா, மாட்டார்ங்கிறியா?"

"ஒருத்தர் தன் கையால செஞ்ச காலைத் தொலைச்சுட்டு உட்கார்ந்திருப்பாரா? கிளம்புவார்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மேல போற முதல் வண்டியும் கீழ வர்ற முதல் வண்டியும் எங்கயாவது பார்த்துக்குமா?"

இந்தக் கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்பதற்காகத்தான் நான் முப்பத்து நான்கு வருடம் வேலை செய்திருக்கிறேன் என்று தோன்றியது.

"ஒத்தைப் பாலத்துல. ஆறு ஐம்பதுக்கு" என்றேன்.

ஒரு வண்டி மட்டும் போகும் குறுகலான பாலம் அது. மேலே ஏறுகிற வண்டிக்கு முதல் வழி; இறங்குகிற வண்டி பாலத்துக்கு அப்பால் காத்து நிற்கும். ஏறுகிற வண்டி பாலம் தாண்டியதும் ஜன்னலோடு ஜன்னல் ஒட்டி நிற்கும். இரண்டு டிரைவர்களும் நாலு வார்த்தை பேசுவார்கள்: எங்கே மண் விழுந்திருக்கிறது, எங்கே மாடு படுத்திருக்கிறது, யார் வீட்டில் என்ன விசேஷம். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத விதி. எந்த டிரைவரும் மீறாத விதி.

"பாலத்துல பார்த்துக்கலாம்" என்றேன்.

"அவர் பஸ்லதான் வருவார்னு என்ன உறுதி? அவசரத்துல லாரியில ஏறியிருந்தா? வேன்ல வந்தா?" என்றாள். "ஊர் எல்லை தாண்டினதிலிருந்து காலை ஜன்னலுக்கு வெளியே பிடிங்க. எதிர்ல வர்ற எந்த வண்டியில அவர் இருந்தாலும் தெரியும். தான் பெத்த பிள்ளையை அடையாளம் தெரியாதா?"

இப்படித்தான் நான், எழுபத்து மூன்று வயதில், டிரைவர் பக்கத்து முதல் ஜன்னலில் உட்கார்ந்து, மனைவியோடு காலை ஐந்து மணி வண்டியில், ஷூ போட்ட ஓர் இடது காலை வெளியே நீட்டிக்கொண்டு மலை ஏறினேன்.

டிரைவர் என் வண்டியில் வேலை பழகியவர். "அண்ணே, கை காலை வெளியே நீட்டாதீங்கன்னு நீங்கதான் முப்பது வருஷம் கத்துனீங்க" என்றார்.

"என் கை உள்ள இருக்கு. கால் ரெண்டும் உள்ள இருக்கு. எண்ணிப் பாரு."

விஷயத்தைச் சொன்னேன். அதன்பிறகு எதிரில் வந்த ஒவ்வொரு வண்டிக்கும் அவர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். எனக்குக் கை வலித்தபோது பின் சீட்டில் இருந்த காய்கறிக்காரம்மா வாங்கிக்கொண்டார். அவருக்கு வலித்தபோது ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் காலைப் பிடித்த விதத்தில் வகுப்பே அடங்கும். மைல் கல்லுக்கு மைல் கல் ஆள் மாறியது. முதலில் தயங்கியவர்கள்கூட, "எனக்கு எப்ப?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எதிரே வந்த ஒரு லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, தன் இரண்டு காலையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார் என்று சொன்னால் நம்பாதீர்கள். ஒரு காலைத்தான் தொட்டுப் பார்த்தார்.

எந்த வண்டியிலும் கால்காரர் இல்லை.

ஆறு ஐம்பதுக்கு ஒத்தைப் பாலம். அப்பால் இறங்குகிற வண்டி காத்து நின்றது. நாங்கள் பாலம் தாண்டி ஜன்னலோடு ஜன்னல் ஒட்டி நின்றோம். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"மூணாவது ஜன்னல். அவர்தான். தூங்குறார்."

எங்கள் குப்பைப் பையைக் கட்டிப் பிடித்து, அதன் மேலேயே தலையைச் சாய்த்து, கால்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். இரவெல்லாம் விழித்திருந்தவரின் தூக்கம். எங்கள் வண்டி முழுக்கச் சேர்ந்து கத்தினோம். டிரைவர் ஹாரன் அடித்தார். எதிர் டிரைவரும் அடித்தார். மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் எழுந்துவிட்டன. அவர் எழவில்லை.

என் கை எட்டவில்லை. ஆனால் என் கையில் ஒரு கால் இருந்தது.

மூன்றாவது ஜன்னலுக்குப் போய், காலை நீட்டி, அவர் தோளில் மெதுவாக இரண்டு உதை கொடுத்தேன். பெரிய மனிதன் செய்யும் காரியம் இல்லைதான். ஆனால் உதைத்தது அவருடைய கால். எனக்கு அதில் சம்பந்தமில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஷூவைப் பார்த்தார், கணுக்காலில் கையை வைத்துப் பார்த்தார்.

"என்னுது!" என்று கத்தினார். "நான் செஞ்சது!"

இரண்டு வண்டியும் கைதட்டியது. எதற்கு என்று தெரியாமலே எதிர் வண்டிக்காரர்களும் தட்டினார்கள். அவர்கள் முகத்தில் வெகுநாள் குழப்பம் இருந்திருக்கும்.

கால்காரர் பையோடு இறங்கி எங்கள் வண்டிக்கு ஓடி வந்தார். ஏறியதும் என் மனைவியிடம் பையை இரண்டு கையாலும் கொடுத்தார்.

"எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்துக்குங்கம்மா. நேத்து ராத்திரி ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சுட்டுத் திருப்பி அடுக்கினேன். முதல்ல பைத்தியம்னு நினைச்சேன், மன்னிச்சுக்கணும். பத்துச் சீட்டு படிச்ச பிறகு, இந்த ஆளுங்க என் காலை எப்படியும் கொண்டுவந்துடுவாங்கன்னு தோணிடுச்சு. பிஸ்கட் உறையையே வீட்டுக்குக் கொண்டுபோறவங்க, காலை விட்டுடுவாங்களா?" பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, 'மிட்டாய்த் தாள் ஏழு. இவர் எனக்குத் தெரியாமல் தின்றது'ன்னு ஒரு சீட்டு இருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. நான் ஒன்பது தின்றிருந்தேன். அவள் கைக்குச் சிக்காத அந்த இரண்டைப் பற்றி அப்போது பேச்செடுக்கவில்லை.

எட்டே முக்காலுக்கு மலைத் தபால் ஆபீஸ். ஓர் அறை, ஒரு வராந்தா, ஒரு பெஞ்சு. பெஞ்சில் சீருடையில் தபால்காரம்மா. ஐம்பது வயதுக்குள் இருக்கும். தபால் பை ஏற்கெனவே தோளில். மடியில் ஊன்றுகோல். இராத்திரியே கால்காரர் விஷயத்தைச் சொல்லியிருந்தாராம். ஆனாலும் அந்தம்மா கிளம்பி வந்து உட்கார்ந்திருந்தார். கால் வருகிறதோ இல்லையோ, தபால் வந்துவிட்டதே.

எங்களைப் பார்த்ததும் அவர் எழவில்லை, அழவில்லை. காலை வாங்கித் தூசி தட்டினார்.

"எனக்கு முன்னாடி ஊர் சுத்திட்டு வந்திருக்கு. ராத்திரி எங்க தங்குச்சு?"

"எங்க வீட்டு நாற்காலியில" என்றாள் என் மனைவி.

"தொந்தரவு பண்ணுச்சா?"

"தங்கமான பிள்ளை. இருந்த இடம் தெரியல."

கால்காரர் சாவியை எடுத்தார். தபால்காரம்மா வராந்தாவில் நடந்தார். இவர் தரையில் ஒரு கன்னத்தை வைத்துப் படுத்து, அவர் பாதம் பதிவதைப் பார்த்தார். ஒரு திருகில் கால் சுற்று. "நடங்க." இன்னொரு திருகில் அரைச் சுற்று. "திரும்புங்க." ஒன்றே கால் மணி நேரத்தில் ஒரு மனிதர் அத்தனை முறை எழுந்து படுத்ததை நான் பார்த்ததில்லை. கடைசியில் எழுந்து, சட்டையைக்கூடத் தட்டாமல், "இனி இது என் கால் இல்லம்மா, உங்க கால்" என்றார்.

சரியாகப் பத்து மணிக்கு மேலதிகாரி ஜீப்பில் வந்தார். தேய்த்த சட்டை, பளபளக்கும் ஷூ, கையில் அட்டை.

"நீங்க நடங்க. நான் ஜீப்புல பின்னால வர்றேன்."

"படிக்கட்டுல ஜீப் ஏறாதுங்க சார்" என்றார் தபால்காரம்மா.

"எத்தனை படி?"

"இருநூத்திப் பதினாலு."

அவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டார். "சரி, நடக்கலாம்."

ஊன்றுகோலை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுத் தபால்காரம்மா கிளம்பினார். அவருக்குப் பின்னால் மேலதிகாரி, அவருக்குப் பின்னால் தரையையே பார்த்துக்கொண்டு கால்காரர், கடைசியில் நாங்கள். என் மனைவி வழியில் கிடந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டே வந்தாள். அவளால் சும்மா நடக்க முடியாது.

ஐம்பதாவது படிவரை தபால்காரம்மா ஒவ்வொரு படியையும் யோசித்து ஏறினார். இடது காலை வைப்பார், நிற்பார், வலது காலைக் கொண்டுவருவார். கால்காரர் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஐம்பதுக்கு மேல் யோசிக்கவில்லை. வீட்டு வாசலில் நின்றார், கொடுத்தார், ஏறினார். தொண்ணூறாவது படியில் மேலதிகாரி உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி இருக்கா?" என்றார் மூச்சு வாங்க.

தபால்காரம்மா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டித் தபாலைக் கொடுத்து, தண்ணீர் வாங்கி, பத்துப் படி இறங்கி வந்து அவரிடம் நீட்டினார். பிறகு அந்தப் பத்துப் படியை மறுபடி ஏறினார். அந்தப் பத்தும் கணக்கில் சேராது. ஆனால் நான் கண்டக்டர், சேர்த்துக்கொண்டேன்.

நூற்று அறுபதாவது படி வீட்டில் ஒரு முதியவர் கதவைத் திறந்தார். தபால்காரம்மா நீட்டிய கடிதத்தைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"ஒரு வருஷமா தபால் வந்துட்டுத்தாம்மா இருந்துச்சு. நீதான் வரல."

"வந்துட்டேனே" என்றார் தபால்காரம்மா. அந்த ஒரு இடத்தில்தான் அவர் குரல் பிசகியது. கால் பிசகவில்லை.

பன்னிரண்டே காலுக்குக் கடைசிப் படி, கடைசி வீடு. பை காலி. பையைத் தலைகீழாகப் பிடித்து மேலதிகாரிக்குக் காட்டினார். சட்டை முழுக்க நனைந்து போயிருந்த அந்த மனிதர், அட்டையைத் தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நாளையிலிருந்து இது உங்க வழி" என்றார்.

"இன்னைக்கே கொடுத்து முடிச்சாச்சு சார்."

கால்காரர் திரும்பி நின்று, பள்ளத்தாக்கை வெகுநேரம் பார்த்தார். என் மனைவி ஊன்றுகோலை நீட்டினாள்.

"வேண்டாம்மா" என்றார் தபால்காரம்மா. "உங்களைப் பத்திக் காலைச் செஞ்ச தம்பி சொன்னார். போற இடத்துல வேண்டாததையெல்லாம் நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போவீங்களாமே?"

"எங்க குப்பையைத்தான் எடுத்துட்டுப் போவோம். இது குப்பையில்லையே."

"எனக்கு இனி வேண்டாதது. எடுத்துட்டுப் போங்க. மறுபடி நான் கேட்டு வந்தாலும் கொடுக்காதீங்க."

திரும்பும் பஸ்ஸில் ஊன்றுகோலையும் எங்கள் பையையும் மேலே வைத்தேன். இறங்கும்போது இரண்டையும் கண்ணால் பார்த்து, கையால் தடவி, மனைவியிடம் காட்டி, ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் இறங்கினேன். வீடு வந்ததும் அவள் சீட்டு எழுதி ஒட்டினாள். தேதி. மலைப் படிக்கட்டு, இருநூற்றுப் பதினான்காம் படி. ஊன்றுகோல் ஒன்று. உரியவர் நடந்து போய்விட்டார்.

முப்பத்து நான்கு வருடம் எல்லாப் பொருளையும் திருப்பிக் கொடுத்தவன் வீட்டில், திருப்பிக் கொடுக்க முடியாமல் தங்கிவிட்ட ஒரே பொருள் அதுதான். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நிமிர வேண்டாம் என்றால் கேட்பதில்லை. தெருவில் யாருக்காவது கால் முறிந்தால் வந்து இரவல் வாங்கிப் போகிறார்கள். என் மனைவி ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள்: திருப்பித் தரும்போது ஊன்றி வரக் கூடாது, தோளில் சாத்திக்கொண்டு வர வேண்டும். இதுவரை நான்கு பேர் வாங்கிப் போனார்கள். நான்கு பேரும் தோளில் சாத்திக்கொண்டு வந்தார்கள். நான்காமவர் ஓடியே வந்தார்.

நம்பாதவர்கள் வந்து, வாங்கிப் போனவர்கள் கணக்கு எழுதிய சீட்டைப் பார்க்கலாம். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதினாள். 'ஓடி வந்தார்' என்பதை மட்டும் பிறகு அடித்துவிட்டு, மேலே 'சற்று வேகமாக' என்று எழுதியிருக்கிறாள்.